ராஷ்போர்ட் போனது சரியா? டீக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டீக்கடை இருக்கிறது. சாயங்காலம் பந்து ஆடிவிட்டு வேர்த்து ஒழுக வருகிறவர்கள் எல்லாம் அங்கேதான் கூடுவோம். முக்கால்வாசிப் பேர் இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகர்கள். மீதிப் பேர் எங்களைக் கிண்டல் பண்ணுவதற்கென்றே வருகிறவர்கள். பத்து மாதமாக அங்கே ஓடுகிற வழக்கு ஒன்றுதான்: மார்கஸ் ராஷ்போர்டை யுனைடெட் வெளியே அனுப்பியது சரியா, தப்பா? கணக்கு வழக்கு கொஞ்சம் நினைவில் வைத்திருப்பவன் என்பதால் கேள்வியெல்லாம் என் தலையில்தான் விழுகிறது. ஒரே பதிலை ஆளாளுக்குச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. அதனால் 2025 அக்டோபர் நிலவரப்படி எழுதியே வைத்துவிடுகிறேன். இனி யாராவது கேட்டால் இதை நீட்டிவிட்டு நான் பாட்டுக்கு வடை தின்பேன்.

எனக்குப் பந்து பார்க்கிற பழக்கமே இல்லை. யார் இந்த ராஷ்போர்ட்?

மான்செஸ்டர் நகரத்துப் பையன். விதென்ஷா பகுதியில் 1997-ல் பிறந்தவர். ஏழு வயதில் யுனைடெட்டின் பயிற்சிப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே வளர்ந்து மேலே வந்தார். 2016 பிப்ரவரி 25 அன்று, ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் தாக்குபவர் மார்சியாலுக்குக் காயம் பட்டதால், கடைசி நிமிஷத்தில் இந்தப் பதினெட்டு வயதுப் பையனை இறக்கினார்கள். டென்மார்க்கின் மிட்ஜிலண்ட் அணிக்கு எதிராக இரண்டு கோல். மூன்று நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிராக இன்னும் இரண்டு. அதன் பிறகு ஒன்பது வருஷம், 426 ஆட்டம், 138 கோல்.

2024 டிசம்பரில் புதுப் பயிற்சியாளர் ரூபன் அமோரிம் அவரை ஒதுக்கினார். 2025 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா கிளப்புக்கு இரவல், ஜூலையில் ஸ்பெயினின் பார்சிலோனாவுக்கு இரவல். கதை இவ்வளவுதான். சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை.

ஏலே, ஆடத் தெரிஞ்சவன ஏம்ல வெளிய உக்கார வச்சாரு அந்த அமோரிம்?

அந்த ராத்திரி எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. 2024 டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, அதே ஊர்ப் போட்டி அணியான மான்செஸ்டர் சிட்டியோடு ஆட்டம். நம் நேரத்துக்குப் பத்து மணி. அந்த வாரத்து மழையில் ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது, தெருவெல்லாம் சகதி. கடை அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எங்களை மட்டும் உள்ளே வைத்திருந்தார். எட்டே முக்கால் வாக்கில் ஆட்டக்காரர் பட்டியல் வந்தது. முதல் பதினொன்றில் ராஷ்போர்ட் இல்லை. சரி, மாற்று ஆளாக இருப்பார் என்று கீழே தேடினோம். அங்கேயும் இல்லை. இன்னொரு ஓர ஆட்டக்காரர் கர்னாச்சோவும் இல்லை. "போன்ல நெட் நிக்கிட்டு, முழுசா வரல" என்று ஒருத்தன் ரெண்டு தடவை புதுப்பித்துப் பார்த்தான். பட்டியல் முழுசாகத்தான் வந்திருந்தது.

பயிற்சியில் ஆடும் விதம், சாப்பிடுவது, உடுத்துவது, கூட ஆடுகிறவர்களைத் தூண்டிவிடுவது, எல்லாவற்றையும் பார்த்துத்தான் ஆளை எடுப்பேன் என்று அமோரிம் அன்று விளக்கம் சொன்னார். அந்த ஆட்டத்தில் 88-வது நிமிஷம் வரை பின்தங்கியிருந்த யுனைடெட் கடைசியில் 2-1 என்று ஜெயித்தும் விட்டது. அவர் சொன்னதுதான் சரி என்று பாதிக் கடை அன்றே தீர்ப்பு எழுதியாச்சு. ரெண்டு நாளில், புதுச் சவாலுக்குத் தயார் என்று ராஷ்போர்ட் பேட்டி கொடுத்தார். அவ்வளவுதான், கதவு சாத்தியாயிற்று. ஜனவரியில் அமோரிம் இன்னும் ஒரு படி போனார். தினமும் முழு முயற்சி கொடுக்காத ஆளை எடுப்பதற்கு, 63 வயதான கோல்கீப்பர் பயிற்சியாளரை மாற்று ஆளாக உட்கார வைப்பேன் என்றார். இது எனக்குப் பிடிக்கவில்லை. கண்டிக்கிறது வேறு, சந்தியில் நிறுத்திச் சிரிக்க வைக்கிறது வேறு.

இன்னொரு காரணத்தை யாரும் பேசுவதில்லை. அமோரிம் மூன்று தடுப்பாட்டக்காரர்களை வைத்து ஆடுகிறவர். இடது ஓரம் முழுவதையும் ஒரே ஆள் ஏறி இறங்கிக் காக்க வேண்டும். முன்னால் ஒரு தாக்குபவர், அவருக்குப் பின்னால் நெருக்கடியான நடுப்பகுதியில் இரண்டு பேர். ராஷ்போர்ட் இடது கோட்டை ஒட்டி நின்று, எதிரணி தடுப்பாட்டக்காரனின் முதுகுக்குப் பின்னால் இருக்கிற வெட்ட வெளியில் பாய்கிறவர். அந்த ஏற்பாட்டில் அவருக்கென்று ஓர் இடமே கிடையாது. ஓரத்தில் போட்டால் தடுக்கத் தெரியாது, நடுவில் போட்டால் இடநெருக்கடி. பயிற்சியில் பத்தரை மாற்றாக இருந்திருந்தாலும் இழுபறிதான்.

சுத்தச் சோம்பேறி அவன். இதுக்கு மேல என்ன விளக்கம் வேண்டிக் கிடக்கு?

கோல் கணக்கைப் பாருங்கள். 2019-20-ல் 22. அடுத்த வருஷம் 21. அதற்கடுத்து 5. பிறகு 2022-23-ல் 30. மறு வருஷமே 8. தாமிரபரணி மாதிரி: ஒரு வருஷம் குறுக்குத்துறை முருகன் கோயிலே முங்கும், இன்னொரு வருஷம் மணல் தெரியும். சோம்பேறி முப்பது கோல் அடிக்க மாட்டான். ஒழுங்காக உழைக்கிறவன் அடுத்த வருஷமே எட்டில் வந்து விழவும் மாட்டான். இந்த ரெண்டையும் சேர்த்துச் சொல்ல ஒற்றை வார்த்தை என்னிடம் இல்லை.

கொஞ்சம் உடம்பும் காரணம். 2020 ஜனவரியில் முதுகெலும்பில் விரிசல். 2021 ஆகஸ்டில் தோளில் அறுவை சிகிச்சை. அந்த ஐந்து கோல் வருஷம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அவர் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வக்கீல் என்பீர்கள். 2024 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட்டில் இரவு விடுதிக்குப் போய்விட்டு, உடம்பு சரியில்லை என்று பயிற்சிக்கு வராமல் இருந்த விவகாரம் வந்தது. பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார் என்று கிளப் அறிவித்து முடித்தது. அதைவிட எனக்கு உறுத்தியது ஆட்டத்தில் கண்ட ஒரு விஷயம். பந்து பறிபோனதும் ரெண்டு கையையும் விரித்து நடுவரைப் பார்ப்பார். பிறகு இடுப்பில் கை வைப்பார். அதற்குப் பிறகுதான் நடக்க ஆரம்பிப்பார். ஓட மாட்டார், நடப்பார். அதற்குள் எதிரணியின் வலது தடுப்பாட்டக்காரன் நாற்பது கெஜம் தாண்டியிருப்பான். ராத்திரி ஒன்றரை மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்கிறவனுக்கு அந்த இடுப்புக் கைதான் எரிச்சலைக் கிளப்பும். எங்கள் கடையில் அதைச் செய்து காட்டாத ஆளே கிடையாது. டீ வர நேரமானால்கூட அண்ணாச்சியைப் பார்த்து அப்படித்தான் நிற்போம்.

எவ்வளவு சம்பளம்?

2023 ஜூலையில் ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டார்கள், 2028 வரை. வாரத்துக்கு மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் என்று அந்த ஊர்ப் பத்திரிகைகள் எழுதின. நம் பணத்தில் சுமார் மூன்றரைக் கோடி. ஆமாம், வாரத்துக்கு. எட்டு கோலுக்கு இது அதிகம்தான். ஆனால் பேனாவைக் கையில் கொடுத்தவர்களும் கிளப் ஆட்கள்தானே? முப்பது கோல் அடித்த கையோடு, இது தொடருமா என்று பார்க்காமல் ஒப்பந்தத்தை நீட்டினது அவர்கள்.

இரவல் என்றால்? வட்டி கிட்டி உண்டா?

வட்டி இல்லை. வீட்டை வாடகைக்கு விடுகிற மாதிரி. பத்திரம் நம் பேரில், குடியிருக்கிறது வேறு ஆள். சம்பளத்தை யார் எவ்வளவு கொடுப்பது என்று ரெண்டு கிளப்பும் பேசிக்கொள்ளும். வில்லா முக்கால்வாசிச் சம்பளத்துக்குக் குறையாமல் ஏற்றது என்று செய்தி வந்தது. கடைசியில் பிடித்திருந்தால் இன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து இருக்கும். ராஷ்போர்டின் ரெண்டு இரவலிலும் வாங்கியே ஆக வேண்டும் என்று இல்லை. இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டித் தொடரான பிரீமியர் லீகுக்குள் இரவல் கொடுத்தால், சொந்த கிளப்புக்கு எதிராக அந்த ஆள் ஆடக் கூடாது என்பதும் விதி. இந்த விதியை வகுத்தவர்கள் உஷாரானவர்கள். 2014-ல் டேனி வெல்பெக்கை ஆர்சனலுக்கு யுனைடெட் விற்றது, இரவல் இல்லை, முழு விற்பனை. அவர் மறு மார்ச்சிலேயே யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்டு டிராஃபோர்டுக்கு வந்து, எஃப்.ஏ. கோப்பையிலிருந்து யுனைடெட்டை வெளியேற்றும் கோலை அடித்துவிட்டுப் போனார்.

காசு கொடுத்து வாங்கின உருப்படாததுகள் பத்து இருக்கு. வீட்டுப் பிள்ளைய ஏன் மொதல்ல விக்கப் பாக்காங்க?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் உருப்படியான கேள்வி. பதில் மைதானத்தில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

2025 நிலவரப்படி, பிரீமியர் லீகில் ஒரு கிளப் மூன்று வருஷத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது. மீறினால் புள்ளிகள் பறிபோகும். 2023 நவம்பரில் எவர்ட்டனுக்குப் பத்துப் புள்ளி பறித்தார்கள், மேல்முறையீட்டில் அது ஆறாகக் குறைந்தது. அதனால் எல்லாக் கிளப்பும் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் மூச்சு விடுகிறது.

இப்போது யுனைடெட் காசு கொடுத்து வாங்கின பிரேசில்காரர் ஆன்டனியை எடுங்கள். 2022-ல் 9.5 கோடி யூரோ கொடுத்து, ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் வாங்கினார்கள். புத்தகத்தில் அந்த விலையை ஐந்தாகப் பிரித்து வருஷத்துக்கு 1.9 கோடி என்று கழிப்பார்கள். மூன்று வருஷம் போனால் 5.7 கோடி கழிந்திருக்கும், 3.8 கோடி பாக்கி நிற்கும். 2025 செப்டம்பரில் ஸ்பெயினின் பெட்டிஸ் கிளப்புக்கு விற்றது அதிகபட்சம் 2.5 கோடிக்கு. ஆக, ஆளையும் கொடுத்து, புத்தகத்தில் நஷ்டத்தையும் எழுத வேண்டியதாயிற்று.

ராஷ்போர்ட் ஏழு வயதில் வந்தவர். வாங்கின விலை பூஜ்யம். நாளைக்கு மூன்று கோடி யூரோவுக்கு விற்றாலும் மூன்று கோடியும் லாபம் என்று எழுதலாம். கொல்லைப் புளிய மரத்துப் புளி மாதிரி. கடன் வாங்கி மூட்டை மூட்டையாகக் கொள்முதல் பண்ணின புளியை விலை இறங்கின சந்தையில் விற்க மனசு வராது. கொல்லைப் புளியை எந்த விலைக்குப் போட்டாலும் வந்தது வரவு. ஆகவே கஷ்ட காலத்தில் முதலில் சந்தைக்குப் போவது வீட்டு மரத்துக் காய்தான்.

ஸ்காட் மெக்டாமினே இப்படித்தான் போனார். சின்ன வயதிலிருந்தே யுனைடெட் பையன். 2024 ஆகஸ்டில் சுமார் மூன்று கோடி யூரோவுக்கு நேப்போலிக்கு விற்றார்கள். மறு மே மாதம் நேப்போலி இத்தாலியச் சாம்பியன். அந்த லீகின் சிறந்த ஆட்டக்காரர் மெக்டாமினே. யுனைடெட் ரசிகர்களே "இவன் எதுக்கு" என்று முனகினது இவரைப் பார்த்துத்தான். நானும் முனகினேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

இதே கிளப்புக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1937 அக்டோபரிலிருந்து இன்று வரை, யுனைடெட்டின் ஒவ்வோர் ஆட்டத்துப் பட்டியலிலும் சொந்தப் பயிற்சிப் பிரிவில் வளர்ந்த ஒருவராவது இருந்திருக்கிறார். நாலாயிரம் ஆட்டம் தாண்டியாயிற்று. அந்தப் பெருமையைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டே அதை விற்றும் தின்கிறார்கள்.

பசிப் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு, அரசியல்னு எறங்கினதுலதான் ஆட்டம் போச்சுன்னு சொல்லுதாங்களே?

இதைச் சொல்கிறவனுக்கு நான் டீ வாங்கிக் கொடுப்பதில்லை.

விஷயம் இதுதான். 2020 ஜூனில், கொரோனா நேரத்தில், கோடை விடுமுறையில் ஏழைப் பிள்ளைகளுக்கான இலவச உணவை நிறுத்தப் போவதாக இங்கிலாந்து அரசு இருந்தது. ராஷ்போர்ட் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். தானும் பள்ளி இலவச உணவைச் சாப்பிட்டு வளர்ந்தவன், அம்மா முழு நேரம் வேலை பார்த்தும் வீட்டில் போதவில்லை என்று அதில் சொல்லியிருந்தார். ஒன்றிரண்டு நாளில் அரசு பின்வாங்கியது. சுமார் 13 லட்சம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 22.

ஆட்டம் அதனால் கெட்டதா? அந்தக் கடிதத்துக்கு அடுத்த பருவத்தில் 21 கோல். மூன்று வருஷம் கழித்து 30. கணக்கு அவர் பக்கம்.

மற்ற ஊர்க்காரன் சொன்னால் போகட்டும், திருநெல்வேலிக்காரன் சொல்லலாமா? சேரன்மகாதேவி பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையனைக் காரில் போன காமராஜர் நிறுத்தி, ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டதும், "போனா சோறு போடுவியா?" என்று அவன் திருப்பிக் கேட்டதும் இங்கே பாட்டிமார் சொல்லி வளர்த்த கதை. 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியபோது அந்த ஊர் நம் ஜில்லாவில்தான் இருந்தது. எங்கள் கடைக்கு வருகிற பெரியவர் ஒருவர், பந்தே பார்க்காதவர், ராஷ்போர்டின் கடிதக் கதையை நான் சொன்னதும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பயலையா வேண்டாம்னுட்டானுவ?"

2021 பெனால்டி?

ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பை இறுதியாட்டம், எதிரணி இத்தாலி. உதை கம்பத்தில் பட்டது. இங்கிலாந்து தோற்றது. கறுப்பர் என்பதற்காக அவரையும், அதே மாதிரி பெனால்டியைத் தவறவிட்ட சாக்காவையும் சாஞ்சோவையும் சமூக ஊடகங்களில் தரம்கெட்டுத் திட்டினார்கள். மான்செஸ்டரின் விதிங்டன் பகுதியில் அவர் முகம் வரைந்திருந்த சுவரில் எவனோ கிறுக்கி வைத்தான். மறுநாள் அக்கம்பக்கத்துச் சனங்கள் சின்னச் சின்னக் காகிதங்களில் அன்பாக எழுதி ஒட்டி அந்தக் கிறுக்கலை மறைத்தார்கள்.

அவன் போன பெறவு டீம் உருப்பட்டுச்சா?

2024-25 பிரீமியர் லீகில் 15-வது இடம், 42 புள்ளி. யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில், பில்பாவில், டாட்டனம் அணியிடம் 1-0 தோல்வி. உருப்பட்ட லட்சணம் இதுதான்.

அவரும் வில்லாவில் ஒன்றும் வானத்தைக் கிழிக்கவில்லை. 17 ஆட்டம், 4 கோல், பிறகு தொடைத் தசைக் காயம். ஆனால் செல்சிக்கு எதிராக ரெண்டு கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தார், பிரஸ்டனுக்கு எதிராக ரெண்டு அடித்தார், முகத்தில் சிரிப்பு தெரிந்தது. பார்சிலோனாவில் 14-ம் எண். 2025 செப்டம்பர் 18 அன்று சாம்பியன்ஸ் லீகில், நியூகாசில் அணியை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று ஜெயித்தபோது ரெண்டும் அவர் கோல். ரெண்டாவது, வெளியிலிருந்து அடித்து மேல் கம்பியில் உரசி உள்ளே போன அடி. எங்கள் கடையில் யுனைடெட் சட்டை போட்ட ஒன்பது பேரும் எழுந்து கத்தினோம். அடுத்த நிமிஷமே, நாம எதுக்குலே கத்துதோம் என்று ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொண்டோம்.

இது மாதிரி நம்ம பக்கம் நடந்திருக்கா?

நடக்காமலா. கடற்கரை ஊர்களில் கோயில் திருவிழாவை ஒட்டிப் போட்டி நடத்துவார்கள். எங்கள் அணியில் ஓர் இடது ஓர ஆட்டக்காரர் இருந்தார், எல்லாருக்கும் அண்ணன். ரெண்டு வருஷம் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். மூன்றாம் வருஷம் முட்டியில் அடிபட்ட பிறகு வேகம் குறைந்தது. எதிரணி ஊர்க்காரன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோட்டுக்கு வெளியே நின்ற நம் ஆட்கள்தான் "ஏ, மண்ட வெயிலு, வீட்டுக்குப் போவே" என்று சத்தம் போட்டார்கள். அவர் மாமாவே அதில் ஒருத்தர். வெளியூரிலிருந்து செலவு கொடுத்துக் கூட்டி வந்த பையன் அன்றைக்கு அவரைவிட மோசமாக ஆடினான். அவனுக்கு இடைவேளையில் சோடா கொடுத்து முதுகைத் தட்டினார்கள். மறு வருஷம் அண்ணன் பக்கத்து ஊர் அணிக்கு ஆடினார். எங்களுக்கு எதிராகக் கோல் அடிக்கவில்லை, ஆனால் அடித்த கோலுக்குப் பந்து கொடுத்தது அவர்தான். ஆட்டம் முடிந்து ரெண்டு பக்கமும் கை கொடுத்தார். மாமாவிடம் மட்டும் கொடுக்கவில்லை.

திரும்பி வருவானா?

ஒப்பந்தம் 2028 வரை இருக்கிறது. 2025-26 பருவம் முடிகிற வரை பார்சிலோனா. சுமார் மூன்று கோடி யூரோ கொடுத்தால் அவர்களே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அவர் போட்டிருந்த 10-ம் எண் சட்டையை யுனைடெட் புது ஆள் மதேயுஸ் குன்யாவுக்குக் கொடுத்தாயிற்று. வீட்டில் நம் பாயை எடுத்து விருந்தாளிக்கு விரித்துவிட்டால் என்ன அர்த்தம்?

சுத்தி வளைக்காம சொல்லும்வே. நீர் எந்தப் பக்கம்?

போனது சரி. 27 வயதில், தன் ஆட்டத்துக்கு இடமில்லாத ஏற்பாட்டில், தன்னை வேண்டாம் என்கிற ஆளுக்குக் கீழே ஒரு வருஷம் வீணாக்குவது பாவம். அனுப்பின விதம் தப்பு. பதினைந்தாம் இடத்துக்கு ஒரு கிளப்பைக் கொண்டுபோக ஒரு ஆள் போதாது. பத்து வருஷத்துத் தப்பான கொள்முதலையும் அவர் தலையில் ஏற்றி அனுப்பினார்கள். அந்த இடுப்புக் கையை நான் மன்னிக்கவில்லை, அது தனி.

உம்ம சட்டை என்னாச்சு?

2018-ல் டவுனில் வாங்கின சிவப்புச் சட்டை, முதுகில் அவர் பேரும் 10-ம். அசல் இல்லை, முந்நூறு ரூபாய்ச் சரக்கு. துவைத்துத் துவைத்துப் பேரில் மூன்று எழுத்து உதிர்ந்துவிட்டது. பூஜ்யத்தில் பாதி இல்லை. போன மாதம் அம்மா அதைக் கிரைண்டர் துடைக்க எடுத்துவிட்டாள். பிடுங்கி அலசிக் காயப் போட்டேன். இப்போது அக்கா மகன் அதைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வருகிறான், முட்டி வரை தொங்குகிறது. இடது ஓரத்தில்தான் நிற்பேன் என்கிறான். பந்து போனால் திரும்பி ஓடிவரணும்லே என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.